பேப்பர் கிளிப் போட்ட பிரேக்

டார்ச் வெளிச்சத்தில் முதலில் மினுங்கியது ஒரு பேப்பர் கிளிப்.

சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, அந்தப் பழைய காரின் அடியில் போயிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை. விடியும்போது பெய்த மழைத் தண்ணீர் பட்டறை வாசலில் இன்னும் வடியவில்லை. பக்கத்துக் கடையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடியும் காரின் அடியில் ஊறிக் கிடந்த எண்ணெய் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின.

வலது பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் கம்பியின் முனையில் அந்த கிளிப் இருந்தது. நாலு தாளைச் சேர்த்துச் செருகுவோமே, அதேதான். அதை நிமிர்த்தி, கம்பியைச் சக்கரத்தோடு கோர்க்கும் ஆணியின் துளையில் விட்டு, இரண்டு பக்கமும் வளைத்திருந்தார்கள்.

அந்தத் துளையில் நான் போட்டிருந்தது புது ஸ்ப்ளிட் பின். அதன் இரண்டு கால்களையும் பிரித்து மடக்கி, பக்கத்து நட்டையும் கம்பியையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடும் இழுத்திருந்தேன். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு உடைந்திருந்தது. பாதி கம்பியிலும் பாதி நட்டிலுமாக ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.

போன வாரம் இந்தப் பத்தியில் என் பஸ் டிப்போ நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அம்மா, 'உங்களுக்குக் கோபமே வராதா?' என்று கேட்டு எழுதியிருந்தார். வரும் அம்மா. சீக்கிரம் வராது, வந்தாலும் வாய்வரை வராது. அன்றைக்கு காரின் அடியில் படுத்திருந்தபோது வந்தது.

அந்த கார் பிரேக் பார்ப்பதற்காக எங்களிடம் வரவில்லை. முன்பக்கம் நசுங்கியதை எடுக்கத்தான் வந்தது. மூன்று நாட்களுக்கு முன் மவுண்ட் எமிலி சரிவில் அது நிற்காமல் போய்விட்டது. 'பட்டறைக்காரன் பிரேக்கைக் கெடுத்துவிட்டான்' என்று பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் செய்தியும் வந்துவிட்டது.

பட்டறைக்காரன் என்றால் நான்தான்.

நாலு கம்பி

கார் சுந்தரம் சாருடையது. சிராங்கூன் ரோடு பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இங்கிலாந்தில் செய்த சின்ன கார் அது. கரும்பச்சை உடம்பு, கறுப்பு மட்கார்டு. உள்ளே உட்கார்ந்தால் தோல் சீட் வெயிலில் காய்ந்த செருப்பு மாதிரி மணக்கும்.

இப்போதைய கார்களில் பிரேக்கை மிதித்தால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவில் அழுத்தத்தைக் கொண்டுபோகும். அந்த காரில் எண்ணெய் கிடையாது. பெடலிலிருந்து நாலு சக்கரத்துக்கும் இரும்புக் கம்பிகள் போகின்றன. மிதித்தால் கம்பி இழுக்கும், இழுத்தால் டிரம்முக்குள் ஷூ என்கிற பிரேக் கட்டை விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இதில் ஒரே ஒரு சிக்கல். நாலு கம்பியும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒன்று மட்டும் முந்திக்கொண்டால், அந்தச் சக்கரம் பிடித்ததும் பெடல் அதோடு நின்றுவிடும். மற்ற மூன்றும் பிடிக்காது. மிதிக்கிறவர் காலுக்குப் பெடல் கல் மாதிரி இருக்கும். 'ஆகா, பிரேக் பிரமாதம்' என்று நினைத்துக்கொள்வார்.

அதனால் இந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. நாலு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவோம். எங்கள் முதலாளி ஜமால் பாய் உள்ளே உட்கார்ந்து பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவார். நான் ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிப் பார்த்துக் குரல் கொடுப்பேன்.

எங்களுக்குள் நாலே வார்த்தைகள்தான். சும்மா. தொடுது. பிடிக்குது. நிக்குது. சக்கரம் தாராளமாகச் சுற்றினால் 'சும்மா'. ஷூ உரசத் தொடங்கினால் 'தொடுது'. கையை எதிர்த்தால் 'பிடிக்குது'. இரண்டு கையால் தள்ளியும் அசையாவிட்டால் 'நிக்குது'. பெடல் எந்த இடத்தில் இருந்தாலும் நாலு சக்கரத்துக்கும் ஒரே வார்த்தை வரவேண்டும். வரும்வரை விடமாட்டோம்.

பக்கத்துப் பட்டறை ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். "பாய், உங்க ஆளு வாயத் தொறக்கிறதே அந்த நாலு வார்த்தைக்குத்தானா?" என்று ஒருமுறை அங்கிருந்த மணியன் கேட்டார்.

"அது போதும் லா. நீ நாப்பது பேசுற, ஒரு வண்டி நிக்குதா?" என்றார் பாய்.

பெடல் கீழே போகுதாம்

சுந்தரம் சாரின் மகள் நந்தினிக்குக் கல்யாணம். பெண் வீட்டிலிருந்து கோயிலுக்கு அந்த காரில்தான் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். வீடு மவுண்ட் எமிலி மேட்டில். கோயில் கீழே, சிராங்கூன் ரோட்டில். சரிவில் இறங்கித்தான் போக வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே பிரேக் வேலைக்கு காரைக் கொண்டுவந்துவிட்டார்கள். நானும் பாயும் ஒரு முழுநாள் எடுத்துச் செய்தோம்.

எடுத்துப்போக வந்தது விக்கி. சுந்தரம் சாரின் தங்கை மகன், முப்பது வயதுக்குள். பழைய கார்களை வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறவர். கல்யாணத்தன்று காரை ஓட்டப்போவதும் அவர்தான் என்றார்கள். உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தார். முகம் சுருங்கியது.

"அங்கிள், பெடல் ரொம்ப லோவா போகுது. இது சேஃபா?"

"கொஞ்சம் கீழ போய்த்தான் தம்பி பிடிக்கும். அதுதான் சரி."

"என் கார்ல லைட்டா தொட்டாலே நிக்குது."

அது வேறு, இது வேறு என்று விளக்கியிருக்க வேண்டும். நாலு சக்கரத்தையும் தூக்கிக் காட்டியிருக்க வேண்டும். எனக்குப் புது ஆட்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "கம்பிய மட்டும் தொடாதீங்க தம்பி" என்று சொன்னேன். அவர் அதற்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை அந்த கிளிப்பும் உடைந்த கோடும் எனக்குச் சொல்லிவிட்டன. பெடல் மேலே வரவேண்டும் என்று விக்கி கம்பியைச் சுருக்கியிருக்கிறார். கைக்கு எட்டுவது வலது பின்சக்கரக் கம்பிதான். அதை மட்டும் மூன்று சுற்றுச் சுருக்கியிருக்கிறார். கழற்றும்போது ஸ்ப்ளிட் பின் உடைந்திருக்கும். கையில் கிடைத்ததைச் செருகிவிட்டார். பெடல் மேலே வந்தது. காலுக்குக் கல் மாதிரி இருந்தது. மாமாவும் மருமகனும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

சனிக்கிழமை வீடியோ எடுக்க சரிவில் இறங்கினார். கீழே திருப்பத்தில் மிதித்தபோது வலது பின்சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு, மழை ஈரத்தில் இழுபட்டுக்கொண்டே வந்தது. மற்ற மூன்றும் தம் பாட்டுக்கு உருண்டன. கார் நடைபாதையில் ஏறி ஒரு பெரிய பச்சைக் குப்பைத்தொட்டியில் போய் முட்டியது. மார்க்கெட் தள்ளுவண்டியோடு வந்த ஒரு சீன அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு தப்பினார். அவருடைய முட்டைகள் மட்டும் உடைந்தன. அந்த அம்மா திட்டியதை விக்கியே வீடியோவில் போட்டிருந்தார். கம்பியைச் சுருக்கியதைப் போடவில்லை.

அன்று மாலை சுந்தரம் சார் குழுவில் எழுதினார். பட்டறை பெயரைச் சொல்லி, 'பிரேக் வேலை சரியில்லை, பெரிய ஆபத்திலிருந்து தப்பினோம், எல்லோரும் கவனம்' என்று. அதன் கீழே இருபது பேர் கும்பிட்ட கைகளைப் போட்டிருந்தார்கள். எங்களிடம் வருடக்கணக்காக வண்டி விடுகிறவர்கள் அவர்கள். ஒருவர்கூட என்னிடம் போன் பண்ணி 'என்ன நடந்தது' என்று கேட்கவில்லை.

சாரி சொல்லும் பழக்கம்

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன்.

செம்பவாங்கில் நான் படித்த தொடக்கப்பள்ளியில் வகுப்புக்கு ஒரு மீன்தொட்டி உண்டு. ஒருநாள் ஓய்வு நேரம் முடிந்து வந்து பார்த்தால் தொட்டி உடைந்து கிடந்தது. கறுப்புக் கோடு போட்ட இரண்டு மீன்கள் ஆசிரியர் மேசைக்கடியில் துடித்துக்கொண்டிருந்தன. யார் என்று ஆசிரியர் கேட்டார். யாரும் பேசவில்லை. அவர் கண் என்மேல் வந்து நின்றது. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "சாரி சார்" என்றேன். நான் தொட்டியின் பக்கமே போகவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பு முடியும்வரை என் பெயர் 'மீன் கொன்னவன்'.

டிப்போவில் வேலை பார்த்தபோதும் அதேதான். ஒரு பஸ்ஸின் கதவு ஒரு பயணியின் பையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கதவை முந்தின நாள் பார்த்தது வேறு ஆள். மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு சாரி எழுதிக் கொடு, முடிஞ்சிடும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். முடியவில்லை. என் கோப்பில் அது ஒரு தவறாக உட்கார்ந்துகொண்டது. அடுத்த இரண்டு தடவை பதவி உயர்வு கேட்டபோதும் அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்கள்.

நம் ஊரில் சாரி என்பது தூசு தட்டுகிற துணி மாதிரி. ரயிலில் தோள் இடித்தாலும் சாரி, லிஃப்டில் பொத்தானை மாற்றி அழுத்தினாலும் சாரி. அதில் தப்பில்லை, நல்ல பழக்கம்தான். எனக்கு எரிவது வேறு. வேலை செய்கிறவன் வாயிலிருந்து அதை வரவழைத்துவிட்டால், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அவன் சாரி சொன்ன இடத்தில் விசாரணை முடிந்துவிடுகிறது.

பாய் கேட்டது

கிளிப்பைக் கழற்றிக் கொண்டுபோய் பாயிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அலாமாக்" என்று மலாயில் ஐயோ போட்டார். கிளிப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மேசையில் பாலில்லாத கோப்பி ஓ ஆறிக்கொண்டிருந்தது.

"கதிரு, நீ செய்யலன்னு எனக்குத் தெரியும்."

"ம்."

"ஆனா வெள்ளிக்கிழமை அவங்க வராங்க. ஞாயித்துக்கிழமை கல்யாணம். இந்த நேரத்துல போயி உங்க தங்கச்சி மகன்தான் கெடுத்தான்னு எப்படி சொல்றது? ஒரு சாரி சொல்லிடு. கம்பிய நீ சத்தமில்லாம சரி பண்ணிடு. முடிஞ்சது. சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

பாய் கெட்டவர் இல்லை. நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், இங்கே மூன்று தலைமுறை. டிப்போவை விட்டு நான் வந்து நின்றபோது ஒரு கேள்வி கேட்காமல் ஸ்பேனரைக் கையில் கொடுத்தவர். அவர் கேட்டு நான் மறுத்ததில்லை. அன்றைக்கும் மறுக்கவில்லை. தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வீடு புக்கிட் பாஞ்சாங்கில். மனைவி மல்லிகா பள்ளிக் கேண்டீனில் வேலை பார்த்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"சொல்லிட்டு வாங்க. உங்களுக்கு என்ன புதுசா?"

"நீயும் அப்படிச் சொல்றியா?"

"ஊருக்கெல்லாம் சாரி சொல்றீங்க. கல்யாணமாயி இத்தனை வருஷத்துல எனக்கு மட்டும் ஒண்ணு வந்ததில்ல. இதையாவது மிச்சம் பிடிச்சு எனக்குக் குடுங்க."

சிரித்துவிட்டு எழுந்து போனவள், அடுப்படியிலிருந்து கேட்டாள். "சரி பண்ணிட்டா பெடல் மறுபடியும் கீழ போகுமில்ல?"

"போகும்."

"அப்ப அந்தப் பையன் மறுபடியும் சுருக்குவானில்ல?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. என் பெயரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது சரி. நான் சத்தமில்லாமல் சரிசெய்து, சாரியும் சொல்லிவிட்டால், கெடுத்தது நான் என்றுதான் எல்லோரும் நம்புவார்கள். சனிக்கிழமை விக்கி பெடலை மிதித்துப் பார்ப்பார். 'மறுபடியும் லோவா விட்டுட்டாரு பார்' என்று சொல்லி ஸ்பேனரை எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே சரிவில், அதே காரில், பின்சீட்டில் ஒரு கல்யாணப் பெண்.

மீன் செத்ததும் கோப்பில் தாள் சேர்ந்ததும் என்னோடு போயின. இது என்னோடு போகாது.

சுத்துதேடா

புதனும் வியாழனும் நசுங்கிய இடத்தை மட்டும் எடுத்தேன். கம்பியின் நீளத்தைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலை நாலு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

"எடுத்துட்டுப் போக வராங்க, நீ ஏன் தூக்கி வச்சிருக்க?" என்று பாய் கேட்டார்.

"அப்படியே இருக்கட்டும் பாய்."

அவர் என்னைப் பார்த்தார். ஸ்டாண்டைப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று மணிக்கு வந்தார்கள். சுந்தரம் சார் வெள்ளைச் சட்டையில், கையில் கல்யாணப் பத்திரிகையோடும் லட்டு டப்பாவோடும். விக்கி கறுப்புக் கண்ணாடி போட்டு. கூடவே நந்தினி, அலுவலகத்திலிருந்து நேராக வந்த கோலத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க. கையில் அன்றுதான் மருதாணி வைக்க நேரம் குறித்திருந்தார்களாம். 'சீக்கிரம், சீக்கிரம்' என்று அவசரப்படுத்திக்கொண்டே வந்தாள்.

பாய் பத்திரிகையை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் பேச வேண்டிய இடம் அது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துப் பார்வை. அந்தச் சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது.

"சார்" என்றேன். "அந்தச் சக்கரத்தக் கொஞ்சம் சுத்துங்க."

"எனக்கென்னப்பா தெரியும் அதெல்லாம்?"

"சுத்தினா போதும் சார். விக்கி தம்பி உள்ள உக்காந்து பிரேக்க மிதிக்கட்டும்."

விக்கி உற்சாகமாக ஏறி உட்கார்ந்தார். "ஃபுல்லா மிதிச்சிட்டேன் அங்கிள். பாத்தீங்களா, எவ்ளோ ஹார்டா இருக்கு. நீங்க குடுத்தப்ப தொளதொளன்னு போச்சு."

சுந்தரம் சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இடது முன்சக்கரத்தின் அருகே குந்தினார். கையை வைத்துத் தள்ளினார். சக்கரம் ஒரு சுற்று சுற்றி நின்றது. அவருக்குப் புரியவில்லை. மறுபடி தள்ளினார். மறுபடி சுற்றியது.

"விக்கி, மிதிக்கிறியா இல்லையா?"

"மிதிக்கிறேன் மாமா."

"மிதிக்கிறேங்கிற. இங்க சுத்துதேடா."

"கால் ரெண்டையும் வச்சு மிதிக்கிறேன் மாமா. இதுக்கு மேல போகல."

நந்தினி பையைக் கீழே வைத்துவிட்டு இடது பின்சக்கரத்துக்குப் போனாள். "அப்பா, இதுவும் சுத்துது." சுற்றிக்கொண்டு வலது முன்சக்கரத்துக்கு வந்தாள். "இதுவும்தான்." கடைசியாக வலது பின்சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். அவள் செருப்புதான் தரையில் வழுக்கியது.

"நாலுல ஒண்ணுதான் நிக்குது" என்றாள்.

நான் சட்டைப்பையிலிருந்து கிளிப்பை எடுத்து சுந்தரம் சாரின் கையில் வைத்தேன்.

"அந்தக் கம்பியில இது இருந்துச்சு சார். நான் போட்டது இது இல்ல. நட்டையும் மூணு சுத்து திருகியிருக்கு. இந்த ஒரு கம்பி முந்திக்கிட்டதால மத்த மூணும் வேலை செய்யல. சனிக்கிழமை வண்டி நிக்காததுக்கு அதான் காரணம்."

என் வாழ்க்கையில் அந்நியர் முன்னால் நான் தொடர்ந்து பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். குரல் கடைசிவரை வந்தது.

விக்கி கண்ணாடியைக் கழற்றினார். "அது டெம்பரரியா போட்டது அங்கிள். ஒரிஜினல் பின் உடைஞ்சிடுச்சு. பெடல் லோவா இருந்துச்சு, சோ ஜஸ்ட் டைட் பண்ணேன். ஒரு வீடியோல அப்படித்தான் செஞ்சாங்க."

"தொடாதீங்கன்னு சொன்னேனே தம்பி."

"சொன்னாரா?" என்று நந்தினி கேட்டாள்.

விக்கி கையிலிருந்த கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார்.

நல்ல நாளில் எதற்கு

விக்கி இறங்கிக்கொள்ள, பாய் உள்ளே ஏறி உட்கார்ந்தார். கம்பியை அதன் பழைய நீளத்துக்கு விட்டு, புது ஸ்ப்ளிட் பின் போட்டேன். பிறகு சக்கரத்துக்குச் சக்கரம் போய் டிரம்மின் பின்னால் இருக்கும் சதுரத் தலை ஆணியைத் திருகி, ஷூவை அளவுக்குக் கொண்டுவந்தேன். தேய்மானத்தை எடுக்க வேண்டிய இடம் அதுதான், கம்பி இல்லை. விக்கியையும் கூப்பிட்டுக் குனியவைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார். அதை மறுக்க மாட்டேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பெடல் கீழே போய், நாலும் ஒன்றாக நின்றன. சுந்தரம் சாரையே கையால் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். நாலையும் தள்ளிப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

இத்தோடு கதை முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன்.

அவர் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு பாயிடம் சொன்னார். "சரி பாய், நடந்தது நடந்துபோச்சு. பிள்ளை தெரியாம செஞ்சிட்டான். நல்ல நாள்ல எதுக்கு இதப் பெருசாக்கணும்."

"குரூப்ல போட்டீங்களே சார்" என்றார் பாய் மெதுவாக.

"அத விடுங்க. ரெண்டு நாள்ல மேல போயிடும். யார் திரும்பிப் பாக்கப் போறா?"

விக்கி செய்தது அறியாமை. இதுவோ அப்படி இல்லை. எல்லாம் தெரிந்த பிறகு, கையில் கிரீஸ் கறையோடு நின்றுகொண்டு சொன்னது. என் பெயர் மேலே போய்விடுமாம். செய்திதான் மேலே போகும். அதைப் படித்த இருபது பேர் தலைக்குள் நான் அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் யாராவது 'பிரேக் வேலைக்கு யார் நல்ல ஆள்' என்று கேட்பார்கள். 'அந்த பட்டறை வேணாம்' என்று ஒருவர் சொல்வார். ஏன் என்று அவருக்கே ஞாபகம் இருக்காது.

லட்டு டப்பாவை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். என்ன செய்வது, கல்யாண லட்டு.

போகும்போது நந்தினிதான் நின்றாள். "ஞாயித்துக்கிழமை விக்கி ஓட்ட வேணாம்ப்பா. இந்த அங்கிள் ஓட்டட்டும்."

"கதிரு ஓட்டுவான்" என்றார் பாய், என்னைக் கேட்காமலே.

சிவப்பு விளக்கு

ஞாயிறு காலை வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. காரின் முன்னால் ரோஜா மாலை கட்டியிருந்தார்கள். பின்சீட்டில் நந்தினியும் அவள் அம்மாவும். பட்டுப்புடவைகளின் சரசரப்பும் மல்லிகை வாசனையும் அந்தச் சின்ன காரை நிரப்பின. என் பக்கத்தில் சுந்தரம் சார், பட்டு வேட்டியில்.

சரிவு தொடங்கும் இடத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். நின்றது. தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்கினேன். போன வாரம் விக்கி முட்டிய திருப்பம் வந்தது. புதுக் குப்பைத்தொட்டி வைத்திருந்தார்கள். சுந்தரம் சாரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அங்கே பெடல் இல்லை. பாவம், அவரும் மிதித்துக்கொண்டே வந்தார்.

கீழே சிலிகி ரோடு சந்திப்பில் சிவப்பு விளக்கு. மிதித்தேன். இழுக்காமல், திரும்பாமல், கோட்டுக்கு முன்னால் கார் நேராக நின்றது. பின்னால் வளையல்கள் மட்டும் ஒருமுறை குலுங்கின.

சுந்தரம் சார் காலைத் தளர்த்தினார்.

"கதிரு" என்றார். என் பெயரை அவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன். சாரி, என்ன."

பரவாயில்லை சார் என்று சொல்லத்தான் வாய் போயிற்று. 'பர' வரைக்கும் வந்தேவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"என்கிட்ட வேணாம் சார். குரூப்ல போட்டீங்க. குரூப்ல சொல்லுங்க."

நான் தவறாகப் பேசிவிட்டேன் என்று காது சுட்டது. அப்போது பின்னால் நந்தினி சிரித்தாள்.

"கரெக்ட்தானேப்பா. சொல்லுங்க."

"இப்பவா? முகூர்த்தத்துக்கு நேரமாகுதும்மா."

"ரெட் லைட்தான? டைப் பண்ணுங்க."

அவர் வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ஒற்றை விரலால் தட்டினார். நந்தினி மாலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

"'சின்னக் குழப்பம்'னு போடாதீங்க. ஒரு குழப்பமும் இல்ல. நம்ம வீட்டுல கம்பியச் சுருக்கினோம், பட்டறை மேல தப்பில்லன்னு போடுங்க."

"விக்கி பேரும் போடணுமா?"

"அவன் பேரு வேணாம். இவங்க பேரு சரியாப் போடுங்க."

அழித்துவிட்டு மறுபடி தட்டினார். விளக்கு பச்சையானது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"போப்பா, போ" என்றார்.

"அனுப்பிட்டீங்களா சார்?"

பஸ் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தது. அவர் விரலால் இன்னொருமுறை தொட்டுவிட்டு, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். படித்தேன். பட்டறை பெயரும் என் பெயரும் இருந்தன.

பெடலிலிருந்து காலை எடுத்தேன்.